மொந்தராக் மாளிகையின் தூய வேர்

பெருங்கடலைச் சேருமுன் தன் நெடுவழிச் சேற்றையெல்லாம் எங்கேனும் இறக்கிவைத்து இளைப்பாற விரும்பியவளைப் போலச் சிரோந்துப் பேராறு அகன்று பரந்து தளர்ந்து கிடக்கும் மெதோக்கு நிலத்தின் இடக்கரையில், பனிக்காலத்துக் காலைப்பொழுது, விழித்தும் போர்வையை விடாத சோம்பேறியைப் போல மூடுபனியை விலக்க மனமின்றிப் புலர்ந்துகொண்டிருந்தது. ஆற்றினின்று எழுந்த வெண்பனி கூழாங்கல் மேடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வரிசை வரிசையாக நின்ற கொடிமுந்திரி என்னும் திராட்சைக் கட்டைகளின் கருமுனைகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. கழித்த கிளைகளை எரித்த புகை அப்பனியோடு கலந்து, எது புகை எது பனி என்று பிரித்தறிய இயலாதபடி தாழ்ந்து தவழ்ந்தது. அவ்விரண்டுக்கும் மேலே, தன்னை எவரேனும் காணாது கடந்துவிடுவாரோ என்று அஞ்சி எக்கி நிற்பதுபோல், இரண்டு கூர்ங்கோபுரங்களோடு மொந்தராக் மாளிகை தலைகாட்டியது. அக்கோபுரங்கள் மிகப் பழமையானவை என்று மாளிகையார் கூறுவர். அவற்றைக் கட்டிய கொத்தனின் மகன் ஊர் மதுக்கடையில் இன்னும் உயிரோடு அமர்ந்து வேறுவிதமாகக் கூறுவான்.

கற்றறிந்த அன்பரே, அம்மாளிகையின் வரலாற்றை அறிய நூல் எதுவும் புரட்ட வேண்டா. உணவுக்கூடத்துச் சுவரைப் பார்த்தாலே போதும். அங்கே தொங்கும் மூதாதையர் ஓவியங்களில் முதலாமவர் சிலுவைப்போருக்குச் சென்றவர். அங்கே என்ன செய்தார் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை எனினும், எப்படி நின்றார் என்பது ஓவியத்தில் ஐயந்திரிபற விளங்கும். மூன்றாமவர் தம் கொடிமுந்திரி மதுவாகிய தேறலை ஓர் அரசரின் கிண்ணத்தில் தம் கையாலேயே ஊற்றியவர். எந்த அரசர் என்பது கேட்கும் விருந்தினரின் கல்விக்கேற்ப மாறும். அவர்கள் அனைவர்க்கும் பருந்தின் அலகையொத்த வளைந்த மூக்கு. இந்நாள் தலைவராகிய, பாரோன் என்னும் பிரபுப்பட்டம் பூண்ட அதெமாரின் மூக்கோ, அப்போதுதான் அகழ்ந்தெடுத்த உருளைக்கிழங்கின் உருவும் நிறமும் உடையது. பெரும்புரட்சியில் பழைய குடும்பத்தார் நிலத்தையும் சிலர் தலையையும் இழந்தபின், போர்தோத் துறையில் மரப்பீப்பாய்களுக்கு இரும்பு வளையம் விற்றுப் பொருளீட்டிய ஒருவர் இம்மாளிகையை வாங்கினார். ஓவியங்களைக் கழற்றினால் சுவரில் ஆணித்துளை தெரியும் என்பதால் அவற்றையும் சேர்த்து வாங்கினார். எஞ்சியிருந்த ஒரே பெண்ணை மணந்து பெயரையும் பெற்றுக்கொண்டார். அவர் அதெமாரின் பாட்டனார். இதை அறியாதவர் அவ்வட்டாரத்தில் இல்லை. வாய்விட்டுச் சொல்பவரும் இல்லை.

ஆயினும் அம்மண்ணின் தேறலைக் குறைகூற எந்த நாவும் துணிந்ததில்லை. இளமையில் உதடு சுருங்கத் துவர்த்து, நிலவறை இருளில் பல்லாண்டு உறங்கியபின், முதல்மழை நனைத்த கல்லும் பழைய மரப்பேழையும் ஊதா மலரும் ஒருங்கே மணக்க விழித்தெழும் செந்தேறல் அது. பேரரசர் காலத்தில் தேறல் மாளிகைகளைத் தரம்பிரித்து வரிசைப்படுத்தியபோது மொந்தராக் மூன்றாம் வரிசையில் வைக்கப்பட்டது. அன்றுமுதல் அவ்வீட்டில் எவரும் தரத்தை எண்ணால் குறிப்பதில்லை. வால்மீன் தோன்றிய பழம்பெரும் விளைச்சலாண்டின் தேறல் இன்னும் சில குப்பிகள் உண்டு. அவை காடியாக மாறியிருக்குமோ என்னும் அச்சத்தால் தலைமுறைதோறும் மிகுந்த மதிப்போடு திறவாமல் விடப்பட்டன. இப்புகழ் அனைத்துக்கும் உயிர்நிலை, பழைய சிற்றாலயம் ஒன்றைச் சூழ்ந்திருந்த கோயில்மேடு என்னும் ஒரே நிலத்துண்டு.

அந்தக் கோயில்மேடு செத்துக்கொண்டிருந்தது. கடல்கடந்து அமெரிக்காவினின்று வந்த, கடுகினும் சிறிய ஒரு பேன், வேரை உறிஞ்சி உறிஞ்சி, துணியில் சிந்திய எண்ணெய்க் கறை பரவுவதுபோல் ஆண்டுதோறும் வட்டம் விரித்து வந்தது. மருந்தும் அதே நாட்டினின்றுதான் வந்திருந்தது: அந்நாட்டுக் கொடியின் வேர் அப்பேனைப் பொறுக்கும், அவ்வேரின்மேல் நம் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கும். நாட்டின் தென்பகுதியில் பெசியே நகர்ப்புறத்தார் ஒன்றுமில்லாமற்போன பின் இதைச் செய்து நிமிர்ந்துவிட்டனர். மெதோக்கின் பெருமாளிகைகளோ, நம் கொடி நம் காலிலேயே நிற்கவேண்டும் என்று கூறி, அழுகிய முட்டைக்கோசு நாறும் நஞ்சுநீரைப் பீச்சுகோலால் மண்ணுள் செலுத்தி, பேனையும் வேரையும் வேலையாளையும் ஒருங்கே மயக்கி வந்தன.

அப்பெசியே நகரத்திலிருந்து அம்மாளிகைக்கு மருமகளாக வந்தவள் ஒனொரீன். பாரோனின் மூத்த மகனை மணந்து, ஒன்பது ஆண்டு வாழ்ந்து, அவன் காய்ச்சலில் மாண்டபின், திருமணத்தின்போது அவன் பெயருக்கு எழுதப்பட்டிருந்த கோயில்மேட்டுக்கு உரியவளாகி நின்றாள். தன் தந்தையின் தோட்டம் வேரோடு வீழ்ந்ததையும் ஒட்டுக்கொடியால் மீண்டதையும் கண்ணாற் கண்டவள். ஆகவே அவளுக்கு அச்சமும் இல்லை, காத்திருக்கும் பொறுமையும் இல்லை. மேடு அழிந்தால் மொந்தராக் என்பது வெறும் எழுத்து. அதை எவனோ ஒரு பொருள்வாணிகன் வாங்கி, எங்கெங்கோ பிழிந்த சாற்றின்மேல் ஒட்டி விற்பான். நாற்பது குடும்பங்கள் ஆற்றைக் கடந்து பிழைப்புத் தேடிப் போகும். இது நிகழவொட்டேன் என்று அவள் எவரிடமும் சூளுரைக்கவில்லை. முந்தைய பனிக்காலத்திலேயே மேட்டின் நல்ல கொடிகளில் துண்டுகள் நறுக்கி, தன் ஊர்க்காரியாகிய ஒட்டுக்கட்டும் சிதோனியிடம் கொடுத்துவிட்டாள். அவை ஆற்றங்கரை நாற்றங்காலில் அமெரிக்க வேரின்மேல் ஓராண்டாக வளர்ந்து நின்றன.

மதுக்கொடிக்காரர்களின் காவலராகிய புனித வின்சென்டின் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, பாரோன் அதெமார் தம் அறையில் நிலைக்கண்ணாடி முன் நின்று சூளுரை ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அத்திருநாளன்று அவர் மாளிகையில் எட்டுப் பெருமாளிகைத் தலைவர்கள் கூடித் தூயவேர்க் கழகம் நிறுவ இருந்தனர், அவரே தலைவர். தேறல் தரகர் கொர்பேன் எழுதித் தந்த சூளுரை இது: ‘எம் முன்னோர் வேரன்றி வேறொரு வேரை எம் மண்ணில் ஊன்றோம், ஒட்டுக்கொடியின் தேறலை எம் மாளிகைப் பெயரால் விற்கோம், விற்கவும் விடோம்.’ மேற்பார்வையாளர் பெய்ரோ தொப்பியைக் கையிலேந்தி, கேட்பவராக நிற்கப் பணிக்கப்பட்டிருந்தார். ‘விற்கோம்’ என்னுமிடத்தில் பாரோன் வலக்கையை உயர்த்தியபோது, ஒனொரீன் சேறுபடிந்த காலணியோடு உள்ளே வந்து, காய்ந்த கட்டையொன்றை மேசைமீது வைத்தாள்.

“ஒனொரீன், கம்பளம்! பாரீசுலருந்து வந்தது அது.”

“கம்பளத்தைத் துவைச்சுக்கலாம் மாமா. இதைப் பாருங்க. நாலாவது வரிசை. கையால இழுத்தேன், கெழவன் பல்லு மாதிரி வந்துடிச்சு.”

“அதான் மருந்து போடறோமே.”

“ஆறு வருசமாப் போடறோம். பேன் கொழுத்துப் போச்சு. போடற ஆளுங்கதான் எளைச்சுப் போனாங்க.”

பெய்ரோ தொப்பிக்குள் இருமினார். பாரோன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உனக்கு என்ன வேணும் இப்ப?” என்றார்.

“எதுவும் வேணாம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வின்சென்ட் சாமி நாள் காலையில கோயில்மேட்டைப் பிடுங்க ஆரம்பிக்கிறேன். மார்ச்சு மாசம் ஒட்டுக்கொடி நடறேன்.”

“அமெரிக்கக் காலா? மொந்தராக் தலைக்கு?” பாரோனின் மூக்கு சிவந்தது. “அமெரிக்கக் கொடின்னாலே நரி வாடைதான். நம்ம கிளாசுலயும் அது அடிக்கும்டீ!”

“பழம் வேர்லயா காய்க்குது மாமா? தலையில காய்க்குது. தலை நம்மது.”

“சட்டப்படி அந்த மேடு உன்னுது. ஆனா குடும்பப்படி என்னுது.”

“பேனுக்கு இது ரெண்டும் தெரியலையே, மாமா.”

பாரோன் காய்ந்த கட்டையை மேசையோரம் தள்ளிவைத்தார். பின்பு, ஒரு பெண் இத்தகைய செயலைச் சொல்லலாமேயன்றிச் செய்யமாட்டாள் என்னும் தம் பேரறிவால் அமைதியடைந்து, “பெய்ரோ, மருமகளுக்குச் சூடா சூப்பு குடுக்கச் சொல்லு. காத்துல நின்னு தலைக்கு ஏறிடுச்சு” என்று கூறிக் கண்ணாடி பக்கம் திரும்பினார்.

ஒனொரீன் சூப்பை அருந்தினாள், பசியாகவும் இருந்தது. பின்னர் நேரே ஆற்றங்கரைக் கொட்டகைக்குச் சென்றாள். அங்கே மெழுகும் ஈரப்பாசியும் மணக்க, ஐந்தாறு பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, வேர்த்துண்டையும் கொடித்துண்டையும் நாக்குப்போல முனை சீவி, நாக்கோடு நாக்குப் பொருந்தச் செருகிக் கட்டிக்கொண்டிருந்தனர். பலகையின் தலைமுனையில் இருந்த சிதோனி, கத்தியினும் விரைந்து வாயை ஓட்டுபவள்.

“வாங்க மதாம். உங்க பிள்ளைங்க நல்லாத் தூங்குதுங்க,” என்று நாற்றங்காலைக் காட்டினாள். “எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?”

“மார்ச்சுல. ஆனா சிதோனி, இந்தக் கழகம் வந்துட்டா தரகருங்க யாரும் என் ஒயினைத் தொடமாட்டாங்க. பேரையும் புடுங்கிடுவாங்க. எட்டு வீடும் சேந்து சத்தியம் பண்ணப்போவுது.”

சிதோனி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பலகையைச் சுற்றியிருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தனர்.

“எட்டு வீடா? எட்டுல ஏழு வீட்டுக் கொல்லையில எங்க கத்தி போயிருக்கு மதாம்! உங்க பக்கத்து மாளிகை ஒக்தாவ் துரை வீட்டுல என்னைத் துணி வெளுக்கறவன்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க. பின்கதவு, இருட்டினப்புறம். ஒட்டுக்கொடியை அழுக்கு மூட்டையில சுத்தித்தான் எடுத்துட்டுப் போகணும். இன்னொரு வீட்டுத் துரை, தன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல நின்ன ஞானத்தாய்ன்னு என்னை வேலைக்காரங்ககிட்ட அறிமுகப்படுத்தினாரு. ஒரு பயலுக்கும் நான் ஞானத்தாய் இல்ல. எல்லாரும் என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாங்க.”

“என்னன்னு?”

“இந்த வட்டாரத்துலயே எங்க வீட்டுல மட்டும்தான், வெளிய சொல்லிடாதேன்னு. ஏழு பேரும் தனித்தனியா, அதே வார்த்தை.”

“அப்ப எட்டாவது வீடு?”

சிதோனியின் சிரிப்பு சற்றுத் தணிந்தது. “உங்க மாமனாருதான். பாவம், அவரு நெசமாவே நம்பறாரு.”

அச்சொல் ஒனொரீனின் உள்ளத்தில் எதிர்பாராத இடத்தில் தைத்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் அம்முதியவரை வீம்புக்காரர் என்று எண்ணி வந்தாள். வீம்பர்கள் நடுவே அவர் ஒருவரே பித்தராயினும் வாய்மையர் என்பது அன்று விளங்கியது. ஆயினும் இரக்கம் ஒன்று, பேன் மற்றொன்று. “வின்சென்ட் நாளுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்து பேசு,” என்று கூறி எழுந்தாள்.

திருநாள் வந்தது. புனிதரின் மரச்சிலையைத் தோளிலேற்றி, பித்தளைக் குழல்கள் முழங்க, எட்டுத் தலைவர்களும் இதற்கெனவே தைப்பித்த கருஞ்சிவப்பு அங்கிகளின் ஓரம் சேற்றில் புரள, ஆலயத்துக்கு ஊர்வலம் சென்றனர். அவர்கள் மண்டியிட்டிருந்த அவ்வேளையில், கோயில்மேட்டின் மறுபுறத்தில், ஒனொரீன் பாவாடையை முழங்கால் வரை செருகி, பூட்டிய எருதுகளின் முன்னே நின்று, சங்கிலியைத் தன் கையாலேயே முதற்கட்டையில் மாட்டினாள். தன் கணவனின் பாட்டி நாளில் நட்ட கட்டை அது. அதன் தேறலைத்தான் அவள் திருமணத்தன்று பருகினர். எருதுகள் ஒருமுறை மூச்சுவிட்டு இழுத்தன. பெருமரம் வீழும் ஓசையை எதிர்பார்த்து நின்ற வேலையாட்கள், காய்ந்த கோரை முறிவதுபோன்ற ஒரு சிற்றோசையையே கேட்டனர். அவ்வளவே. ஒனொரீன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. துடைக்காமல் விட்டதை மறைக்கவும் இல்லை. “அடுத்தது,” என்றாள்.

நடுப்பகலில் விருந்து தொடங்கியது. ஆற்றுச் சிப்பிகள் வந்தன, போயின. இளந்தேறல் வந்தது, போயிற்று. பின்பு அந்நாட்டு வழக்கப்படி, கொடிமுந்திரிக் கட்டையின் தணலில் வாட்டி, நறுக்கிய சிறுவெங்காயம் தூவிய மாட்டு விலாத்துண்டுகள், நுரைக்கும் கொழுப்போடு வெள்ளித் தட்டுகளில் வந்தன. சாளரங்களின் வழியே எருதோட்டிகளின் அதட்டலும் சங்கிலியின் ஒலியும் இடையிடையே கேட்டன. விருந்துக்கு வந்த ஏழு தலைவர்களும் அதைக் கேட்டனர். கேளாதவர்போல் உப்புக்கிண்ணத்தைக் கூர்ந்து நோக்கினர். தத்தம் வீட்டுக் கொல்லையின் ஓசையை நன்கறிந்தவர்களுக்கு அடுத்த வீட்டின் ஓசையைக் கேளாதிருக்கும் பயிற்சி உண்டு. பாரோன் மட்டும் இயல்பாகவே சற்றுக் காது மந்தமானவர்.

பக்கத்து மாளிகைத் தலைவர் ஒக்தாவ் ஒரு துண்டை வாயிலிட்டுக் கண்களை மூடினார். “பாரோன், இது வெறும் இறைச்சி இல்ல. இதுல ஒரு பரம்பரை வாசனை இருக்கு.”

“சுத்தமான வேரோட வாசனை,” என்றார் தரகர் கொர்பேன், வாயைத் துடைத்துக்கொண்டு. “லண்டன்காரன் இதுக்குத்தான் காசு குடுக்கறான். ஒட்டுக் கட்டையை எரிச்சா இந்த மணம் வருமா? சத்தியமா வராது.”

மேசை முழுதும் தலையசைத்தது. பாரோனின் முகம் பூத்தது. மேசையின் கடைக்கோடியில், உடைமாற்றியும் நகக்கண்ணில் மண் போகாமல் அமர்ந்திருந்த மருமகளை நோக்கி உரத்துக் கேட்டார்: “ஒனொரீன், எந்தக் கட்டைம்மா இது? எல்லாருக்கும் சொல்லு.”

“கோயில்மேட்டுக் கட்டை, மாமா. காலையில பிடுங்கினது.”

“பிடுங்கினதா?”

“சொன்னேனே, வின்சென்ட் நாள்ல ஆரம்பிக்கிறேன்னு. மொத நாலு வரிசையும் நின்னபடியே காஞ்சு கெடந்துச்சு. ஈரமே இல்ல. நேரா அடுப்புக்கு அனுப்பிட்டேன்.” அவள் விருந்தினரை நோக்கினாள். “இன்னும் போட்டுக்கங்க. இறைச்சியும் இருக்கு, கட்டையும் நெறைய இருக்கு.”

முள்கரண்டிகள் நடுவழியில் நின்றன. தூய வேரின் மணத்தை அப்போதுதான் புகழ்ந்த வாய்கள், அதை விழுங்குவதா, வெளியே எடுப்பதா என்று அறியாது அசைவற்றிருந்தன. தேர்ந்த தரகரல்லவா, கொர்பேனே முதலில் விழுங்கினார்.

“மதாம், தெளிவாச் சொல்லிடறேன். அந்த மேட்டுல இனிமே என்ன நட்டாலும், அதுல ஒரு பீப்பாய்கூட என் கை வழியாப் போகாது. மொந்தராக்ங்கற பேரை அதுமேல எழுத விடமாட்டோம். இன்னிக்கு எடுக்கற சத்தியமே அதுக்குத்தான்.”

ஒனொரீன் எழுந்து நின்றாள். அவள் குரலில் சினம் இல்லை. வீட்டுத்தலைவி விருந்தினருக்குப் படுக்கை ஏற்பாடு கூறும் குரலே அது. “தாராளமா சத்தியம் பண்ணுங்க முசியே. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விசயம். ஒட்டுக் கட்டற சிதோனி நாளைக்கு இங்க வர்றா. உங்க வீடுங்கள்ல எந்த வீட்டுக்கு எந்தக் கதவு, எந்த நேரம்னு அவளுக்கு ரொம்பக் குழப்பமா இருக்காம். யாருக்காவது மாத்திச் சொல்லணும்னா என்கிட்ட இப்பவே சொல்லிடுங்க, நான் அவகிட்ட சொல்லிடறேன்.”

அன்பரே, நாணம் என்பது தனிமையில் சிவப்பு. கூட்டத்தில் அது வேறொரு நிறம் கொள்ளும். ஏழு முகங்களும் முதலில் சிவந்தன, பின்பு ஒவ்வொருவரும் மற்ற ஆறு முகங்களும் சிவந்திருப்பதைக் கடைக்கண்ணால் கண்டனர், கண்டதும் வியந்தனர், வியந்ததும், தாம் மட்டுமே கள்வர் என்றெண்ணி இத்தனை நாள் பட்ட அச்சத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் கடுஞ்சினம் கொண்டனர். கொர்பேன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தம் தலைக்குள் விரைந்து ஒரு கணக்கை முடித்தார்: இவர்களையெல்லாம் விலக்கினால் தாம் விற்க எஞ்சுவது என்ன?

“ஒக்தாவ்,” என்றார் பாரோன், மெல்ல. “உங்க வீட்டுக்குமா அவ வந்தா?”

“துணி வெளுக்கத்தான்...” என்று தொடங்கிய ஒக்தாவ், தம் சொல்லைத் தாமே கேட்டு நிறுத்திக்கொண்டார்.

கொர்பேன் தொண்டையைச் செருமினார். “பெரியவங்களே, சூளுரையில எழுதும்போது ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். வேர்னு இருக்கற எடத்துல மரபுன்னு போட்டுக்குவோம். ‘எம் முன்னோர் மரபன்றி வேறொரு மரபை எம் மண்ணில் ஊன்றோம்.’ இன்னும் கம்பீரமா இருக்கில்ல? ஒட்டுக்கொடின்னு வர்ற வரியை எடுத்துடலாம். ரொம்ப நீளமா இருக்கு.”

கம்பீரமாகவே இருந்தது. மேசையெங்கும் பெருமூச்சு எழுந்தது. மைக்கூடு சுற்றி வந்தது. எழுவரும் அங்கியின் கையை மேலேற்றிக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, ஏற்கெனவே மீறிவிட்ட சூளுரையை மீறமுடியாத சூளுரையாக மாற்றிக் கைச்சாத்திட்டனர். மைக்கூடு பாரோன்முன் வந்து நின்றது. அவர் எழுதும் இறகைத் தொடவில்லை.

“மரபுன்னா எதுக்கும் பொருந்தும் கொர்பேன். எதுக்கும் பொருந்தற சத்தியத்துல எதுக்குக் கையெழுத்து?” என்று கூறி, விருந்தினருக்குத் தலைவணங்கி எழுந்தார். கழகத்தின் தலைமை அன்றே ஒக்தாவுக்குச் சென்றது. அவர் அதைப் பல்லாண்டு சிறப்பாக நடத்தினார் என்பர்.

வண்டிகள் சென்றபின், மாலைவெயில் கூடத்துள் சாய்ந்தபோது, ஒனொரீன் தன் மாமனாரைத் தேடி வந்தாள். அவர் ஓவியங்களுக்கு முதுகுகாட்டி, கோயில்மேட்டை நோக்கிய சாளரத்தின் அருகே அமர்ந்திருந்தார். மேட்டில் பாதி வெறுமையாகிவிட்டிருந்தது.

“எல்லார் முன்னாடியும் நீ என் தாத்தாவைப் பத்திச் சொல்லப்போறேன்னு நெனச்சேன்,” என்றார், திரும்பாமலே. “வளையம் விக்கறவன் பேரன், வேரைப் பத்திப் பேசறான்னு. அதுதானே கைவசம் இருந்துச்சு உனக்கு?”

“அது தெரியாதவங்க யாரு மாமா? சொல்லி என்ன ஆகப்போவுது? சாவறது கொடிதானே, உங்க தாத்தா இல்லையே.”

“ஏழு பேரும் கொல்லைல நட்டுட்டு, என்னைத் தலைவனா உக்காரவெச்சு... நான் ஒருத்தன்தான் முட்டாளா ஒனொரீன்?”

“நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்லலை.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு போல,” என்றார் பாரோன். அதன்பின் பல வாரங்கள் அவர் மேட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ‘நட்டுக்கொள்’ என்றும் கூறவில்லை. ‘நடாதே’ என்றும் கூறவில்லை. ஒனொரீன் அவ்வாய்மூடலைத் தடையாகவும் கொள்ளவில்லை, இசைவாகவும் கொள்ளவில்லை. மண்ணைப் புரட்டினாள், பழவேரின் கடைசித் துணுக்குவரை பொறுக்கி எரித்தாள், மழையில் நனைந்தாள், தன்னோடு நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டாள்.

பங்குனி வெயில் இளகியபோது நாற்றுகள் வரும் நாள் வந்தது. பெய்ரோ கையைப் பிசைந்துகொண்டு, ஆற்றோரச் சந்துவழியே இருட்டியபின் வைக்கோல் மூடிக் கொண்டுவரலாம், மற்ற வீடுகளில் அதுவே முறை என்றார். ஒனொரீன், “ஞாயித்துக்கெழமை, கோயில் விட்டு ஊரே வெளிய வர்ற நேரம், பெரிய சாலையில,” என்றாள். அவ்வாறே மூன்று வண்டிகள், மூடாமல், ஈரப்பாசியில் பொதிந்த நாற்றுக்கட்டுகளை உயர அடுக்கி, இருபுறமும் மரங்கள் நின்ற நெடுஞ்சாலையில் மணியொலிக்க வந்தன. முன்வண்டியில் சிதோனி, திருமணத்துக்குச் செல்பவளைப் போல் நாடாத்தொப்பி அணிந்து அமர்ந்திருந்தாள். ஊரார் வேலியோரம் திரண்டனர். மாளிகைப் படிக்கட்டில், தம் நல்ல மேலங்கியை அணிந்து, கைத்தடியை ஊன்றி, பாரோன் அதெமார் நின்றார்.

வண்டியோட்டி தானாகவே எருதுகளை நிறுத்திவிட்டான். பெய்ரோ கண்ணை மூடிக்கொண்டார். பாரோன் படியிறங்கி வந்து, ஒரு நாற்றுக்கட்டைப் பிரித்து, ஒற்றை நாற்றை விரலிடையே எடுத்தார். ஒரு சாண் குச்சி. இடையில் மெழுகு பூசிய முடிச்சு. கீழே நூலிழை போன்ற சில வேர்கள்.

“இவ்ளோதானா?” என்றார். “அமெரிக்கக் காலு, அமெரிக்கக் காலுன்னாங்க. யானைக் காலு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.”

வேலிப்புறத்தில் எவரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றனர்.

“இது எப்பம்மா நல்ல ஒயின் குடுக்கும்?”

“குடிக்கற மாதிரி, நாலஞ்சு வருசத்துல. மொந்தராக்னு சொல்லிக்கற மாதிரி குடுக்க இருபது, இருபத்தஞ்சு வருசம் ஆகும் மாமா.”

“நான் குடிக்க மாட்டேன்.”

“நானும் கெழவி ஆயிடுவேன். நடறதுக்கு அதனால என்ன?”

முதியவர் அக்குச்சியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பின்பு, ஊரார் காண, மருமகளின் தோளில் கைவைத்து மேட்டை நோக்கி நடந்தார். முதல் வரிசையின் முதற்குழியில் அவள் நாற்றைப் பிடிக்க, மண்டியிட இயலாத தம் முழங்காலைச் சபித்துக்கொண்டே, காலணியின் முனையால் மண்ணைத் தள்ளி மூடினார். மூடியபின், நிற்கிறதா என்று ஐயுற்று மறுமுறையும் மிதித்தார். பின்பு, “அடுத்தது,” என்றார்.

அன்பரே, அம்மேட்டில் இன்று நின்று காய்க்கும் கொடிகளில் அவர் மிதித்தது எது, அவள் ஊன்றியது எது என்று பிரித்துக் காட்டுவார் இல்லை. அவ்விருவரும் ஊர்க் கல்லறையில் அடுத்தடுத்து உறங்குகின்றனர். பெருமை பேசிய உதடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. சூளுரைத் தாளைக் கறையான் தின்றது. ஆயினும் ஆண்டுதோறும் இளவேனில் வர, எந்தக் கொடியும் எவர் மண்ணில் நிற்கிறோம், எவர் வேரில் நிற்கிறோம் என்று வினவாமல், வெட்டுண்ட நுனிகளில் நீர் சொட்டித் தளிர்க்கிறது. இறந்ததை இறந்ததென்று ஒப்பி, தன் கையாலேயே அகழ்ந்தெடுத்து, தான் பருகாத தேறலுக்காகக் குழிதோண்டும் நெஞ்சுரம் ஒன்றே அந்நிலத்துக்குப் போதியதாயிருந்தது.